சக்கர நாற்காலி கொடுக்கும் சமூகம் பயிற்சியைக் கொடுப்பது எப்போது?

எமது ஊர்களில் ஒருவர் பாரிசவாதம் வந்து வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீடு திரும்பினால், மூன்று பொருட்கள் அவருக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. முதலாவது, முன் அறையில் அவருக்கென்று போடப்படும் கட்டில். இரண்டாவது, பள்ளிவாசல் நிர்வாகமோ வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளோ ஏற்பாடு செய்யும் சக்கர நாற்காலி. மூன்றாவது, யாரோ சொல்லி யாரோ வாங்கி வரும் எண்ணெய்ப் போத்தல். இவை அனைத்துக்கும் பின்னால் அன்பும் நல்ல எண்ணமும் இருக்கின்றன. ஆனால், அவரது கையும் காலும் மீண்டும் இயங்குவதற்கு மிகவும் அவசியமான நான்காவது விடயம் பெரும்பாலான வீடுகளில் கிடைப்பதில்லை. அதுதான் பயிற்சி.

நான் பல வருடங்களாக இயன்மருத்துவராக, மக்கள் பேச்சில் சொன்னால் பிசியோதெரபி செய்பவனாக, பணியாற்றி வருகின்றேன். அந்த அனுபவத்தில் இருந்தே இந்தக் கட்டுரையை எழுதுகின்றேன். பாரிசவாதத்தில் இருந்து மீள்வது காய்ச்சல் குறைவது போன்றதோ, உடைந்த எலும்பு பொருந்துவது போன்றதோ அல்ல. அது ஒரு கற்றல். இதை அரசாங்கமும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, எமது சமூகமும் எடுக்கவில்லை. அதன் விலையை எழுந்து நடந்திருக்கக்கூடிய பலர் கட்டிலில் கிடந்து செலுத்திக் கொண்டிருக்கின்றார்கள்.

பிரச்சினையின் அளவு

உலகளாவிய ரீதியில் 25 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது பாரிசவாதம் ஏற்படும் அபாயம் இருப்பதாக 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கொழும்பில் வயது வந்தோர் மத்தியில் மேற்கொள்ளப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், 1000 பேரில் ஏறத்தாழ 10 பேர் பாரிசவாதத்துக்கு உள்ளாகியிருந்தமை தெரியவந்தது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், கொலஸ்ட்ரோல் ஆகியவை எமது வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதியோரின் தொகையும் நாட்டில் வேகமாக அதிகரித்து வருகின்றது.

நோய் வந்தவுடன் செய்ய வேண்டியவற்றில் இலங்கை முன்னேறியிருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் இயங்குகின்றது. இரத்தக் கட்டியினால் ஏற்படும் பாரிசவாதத்துக்கு, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தால், பொருத்தமானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றும் வசதி பெரிய வைத்தியசாலைகளில் இருக்கின்றது. வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே ஓட வேண்டும் என்ற விழிப்புணர்வும் மெல்ல மெல்லப் பரவி வருகின்றது.

ஆனால் உயிர் தப்பிய பின்னர் என்ன? சில நாட்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகின்றார்கள். கையில் மாத்திரைச் சீட்டும் கிளினிக் திகதியும் இருக்கும். பிசியோதெரபிக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாட்களோ வரச் சொல்வார்கள். முச்சக்கர வண்டிக்குக் கூலி, கூட வருபவருக்கு ஒரு நாள் சம்பள இழப்பு, நீண்ட வரிசை என்று கணக்குப் பார்க்கும் குடும்பம் மூன்றாவது வாரத்தில் வருவதை நிறுத்திவிடும். ராகமவிலும் திகனவிலும் புனர்வாழ்வுக்கென்றே வைத்தியசாலைகள் இருக்கின்றன. பொத்துவிலில் இருந்தோ மன்னாரில் இருந்தோ ஒரு நோயாளியை அங்கே கொண்டு சேர்ப்பது எத்தனை குடும்பங்களால் முடியும்?

மூளை மறுபடி ஓதும் பாடம்

பாரிசவாதத்தில் பழுதாவது கையோ காலோ அல்ல, அவற்றை இயக்கும் மூளையின் ஒரு பகுதி. இறந்துபோன மூளைக் கலங்கள் திரும்பி வருவதில்லை. எனினும் அதைச் சுற்றியுள்ள உயிருள்ள பகுதிகள் புதிய தொடர்புகளை உருவாக்கி, இழந்த வேலையின் ஒரு பங்கைப் பொறுப்பேற்கக் கூடியவை. ஆனால் அவை தாமாகவே பொறுப்பேற்பதில்லை. வேலை கொடுத்தால்தான் ஏற்கும்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1996இல் வெளியானது. ரன்டொல்ஃப் நூடோ என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவினர், மூளையில் கைக்குரிய பகுதியில் சிறு பாதிப்பு ஏற்படுத்தப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தார்கள். பயிற்சி இல்லாமல் விடப்பட்ட குரங்குகளில், பாதிப்புக்கு அயலில் நல்ல நிலையில் இருந்த கைப் பகுதியும் சுருங்கிப்போனது. சிறிய குழிகளில் இருந்து உணவுத் துண்டுகளை விரல்களால் எடுக்கும்படி தினமும் பழக்கப்பட்ட குரங்குகளிலோ அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அது பக்கத்தில் இருந்த முழங்கை, தோள் ஆகியவற்றுக்குரிய இடங்களுக்கும் விரிந்தது. பயன்படுத்தப்படாத பகுதியை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகின்றது என்பதே இதன் சாரம்.

குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளையை மனனத்துக்கு விட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஹஸ்ரத் எவ்வளவு அழகாக ஓதினாலும் பிள்ளை தன் வாயால் திரும்பத் திரும்ப ஓதாவிட்டால் பாடம் நிற்காது. பிழை விட வேண்டும், திருத்தப்பட வேண்டும், நேற்றைய பாடத்தை இன்றும் ஒப்புவிக்க வேண்டும். மருதமுனையில் தறியில் இருந்தவர்களிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நாடாவைத் தள்ளும் கை ஒரு நாளில் பழகிய கை அல்ல. பாரிசவாதம் வந்த 60 வயது மனிதர் தன் கையால் கோப்பையைப் பிடிக்கக் கற்பதும் இதே வகையான கற்றல்தான். வயது வந்தவருக்கு இனி என்ன கற்பித்தல் என்று நாம் நினைப்பதுதான் முதல் தடை.

அன்பு முடமாக்கும் இடம்

எட்வர்ட் டோப் என்ற உளவியலாளர் கண்டறிந்த ஒரு விடயத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. நோயின் ஆரம்பத்தில் நோயாளி பலவீனமான கையைப் பயன்படுத்த முயல்கின்றார். பொருள் விழுகின்றது, தேத்தண்ணீர் சிந்துகின்றது. நல்ல கையால் செய்தால் வேலை உடனே முடிகின்றது. நாளடைவில் பலவீனமான கையை மறந்தே விடுகின்றார். பின்னர் மூளை ஓரளவு தேறி, அந்தக் கைக்கு அசையும் ஆற்றல் திரும்பினாலும் கூட அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. அதாவது, நோய் பறித்தது பாதி, பழக்கம் பறித்தது மீதி.

இதற்கு அவர் கண்ட வழி, நல்ல கைக்குத் தடித்த கையுறை போட்டு, பலவீனமான கையைத் தீவிரமாக வேலை வாங்குவது. 222 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவு 2006இல் வெளியானது. நோய் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்களுக்கு இரண்டே வாரங்கள் இந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கையின் பாவனையில் ஏற்பட்ட முன்னேற்றம் ஒரு வருடத்துக்குப் பின்னரும் நிலைத்திருந்தது. இது எல்லோருக்கும் பொருந்தும் முறை அல்ல. மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவாவது அசைவு இருப்பவர்களுக்கே உரியது. சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் நல்ல கையைக் கட்டிவைத்துச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் இதில் இருந்து பெறும் பாடம் எல்லோருக்கும் உரியது.

இனி எமது வீடுகளைப் பாருங்கள். வாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது மகள். சேட் போட்டுவிடுவது மகன். தண்ணீர்க் கோப்பையை வாயருகே பிடிப்பது மருமகள். அவர் கையை நீட்டுவதற்கு முன்பே பொருள் கைக்கு வந்துவிடும். பெற்றோருக்குப் பணிவிடை செய்வதைப் பெரும் பாக்கியமாகக் கருதும் சமூகம் நாம். அது எமது சிறப்பு. ஆனால் அவர் தானாகச் செய்யக்கூடிய ஒன்றை நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவரது மூளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பாடத்தைப் பறித்துவிடுகின்றோம். பத்து நிமிடம் சிந்திச் சிந்தித் தானாகச் சாப்பிட விட்டு, அருகில் பொறுமையாக இருந்து பார்ப்பது ஊட்டிவிடுவதை விடக் கடினமானது. அதுவும் பணிவிடைதான்.

எத்தனை தடவை, எப்படி?

கற்றலுக்கு எண்ணிக்கை முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 300க்கும் மேற்பட்ட சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கையால் ஒரு வேலையைச் செய்து பழகும் அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 தடவைகளே நடந்தமை தெரியவந்தது. விலங்குகளில் மூளை மாற்றத்தை உண்டாக்கிய பயிற்சிகளில் ஒரு நாளைக்குப் பல நூறு தடவைகள் செய்யப்பட்டன. வசதி படைத்த நாடுகளிலேயே இந்த இடைவெளி என்றால், ஒரு காலையில் வரிசையாகக் காத்திருக்கும் அத்தனை பேரையும் பார்க்க வேண்டிய எமது சிகிச்சையாளர் ஒரு நோயாளிக்கு எத்தனை அசைவுகளைச் செய்விக்க முடியும்? மீதியை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, பழகும் வேலையே தேறும். வெறுமனே பந்தைப் பிசைந்து கொண்டிருந்தால் பந்து பிசைவதில் தேர்ச்சி வரும். பொத்தான் போட வேண்டுமென்றால் பொத்தான் போட்டே பழக வேண்டும். படியேற வேண்டுமென்றால் படியில்தான் பழக வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. முருங்கையிலை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, பருப்பில் கல் பொறுக்குவது, ரொட்டிக்கு மா குழைப்பது, உடுப்பு மடிப்பது, பூட்டில் திறப்பைப் போட்டுத் திருப்புவது, சில்லறைக் காசை எண்ணி அடுக்குவது என்று குசினியும் முற்றமும் நிறையப் பயிற்சி இருக்கின்றது. நாற்பது வருடம் சமைத்த உம்மாவின் கைக்கு, ரப்பர் பந்தை விட அவருக்குப் பழக்கமான வெங்காயம் அர்த்தமுள்ளது. கத்தியும் அடுப்பும் மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம்.

மூன்றாவது, வேலை சற்றே கடினமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்ட பயிற்சி கற்பிப்பதில்லை. அறவே முடியாத பயிற்சி மனதை உடைத்துவிடும். பத்துத் தடவை முயன்றால் ஏழெட்டுத் தடவை கைகூடும் அளவில் வைத்து, கைகூடியதும் ஒரு படி உயர்த்துங்கள். பெரிய கோப்பையில் தொடங்கிச் சிறிய கோப்பைக்கும், வெறுங்கோப்பையில் இருந்து பாதி தண்ணீருக்கும் போங்கள். ஒரே அசைவை ஒரே விதமாகச் செய்யாமல் இடத்தையும் உயரத்தையும் பொருளையும் மாற்றுங்கள். களைத்தால் ஓய்வு கொடுங்கள். இரவில் நல்ல தூக்கம் அவசியம். பகலில் கற்றதை மூளை பதித்து வைப்பதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

எமது அன்றாட வணக்கங்களிலும் இதற்கு இடமிருக்கின்றது. நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அந்தச் சலுகை நோயாளியின் சிரமத்தை நீக்கத் தரப்பட்டது. அவர் இனி ஒருபோதும் எழக்கூடாது என்பதற்காகத் தரப்பட்டதல்ல. வுழூ செய்யும்போது குழாயைப் பலவீனமான கையால் திறக்கப் பழகலாம். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னர், ஒருவர் பக்கத்தில் நிற்க, கதிரையில் இருந்து ஐந்து தடவை எழுந்து அமர்ந்தால் நாளொன்றுக்கு 25 தடவை, மாதத்துக்கு 750 தடவை. எந்தக் கிளினிக்கும் இத்தனை தடவை செய்விக்காது. சலுகையை எப்போது எவ்வாறு பயன்படுத்துவது என்பதை உலமாக்களிடமும், உடல் எதைத் தாங்கும் என்பதைச் சிகிச்சையாளரிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.

எண்ணெயும் இயந்திரமும்

எண்ணெய் தடவுவது தவறா என்று பலர் கேட்கின்றார்கள். உடலுக்கு இதமாக இருந்தால் தடவலாம். ஆனால் ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் உருவிவிடும்போது நோயாளியின் மூளை எதையும் கற்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் எண்ணெய் தடவிவிட்டு, அன்றைய வேலை முடிந்தது என்று குடும்பம் திருப்திப்பட்டு விடுவதில்தான் ஆபத்து இருக்கின்றது. தளர்ந்துபோன கையைப் பிடித்து இழுப்பதும் தலைக்கு மேலே வலிந்து தூக்குவதும் தோள் மூட்டைக் காயப்படுத்தும். கட்டிலில் இருந்து தூக்கும்போது கக்கத்தில் கைபோட்டு இழுக்காதீர்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் தோள் வலிக்கு இது முக்கியமான ஒரு காரணம்.

மறுபக்கத்தில், கொழும்பிலோ இந்தியாவிலோ உள்ள தனியார் நிலையங்களின் இயந்திரங்களை நம்பிக் காணியை விற்கும் குடும்பங்களும் உள்ளன. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 408 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு, உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் கருவியுடன் கூடிய நடை இயந்திரத்தில் பயிற்சி. வேறு சிலருக்கு, பிசியோதெரபி சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து செய்வித்த சாதாரண உடற்பயிற்சி. ஒரு வருட முடிவில் மொத்தமாக 52 சதவீதமானோரின் நடை மேம்பட்டிருந்தது. இயந்திரத்தில் பயின்றவர்களுக்கும் வீட்டில் பயின்றவர்களுக்கும் இடையே வேறுபாடு இருக்கவில்லை. பிரித்தானியாவில் 770 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், ரோபோ கருவியுடனான கைப்பயிற்சி வழமையான சிகிச்சையை விடக் கையின் செயற்பாட்டை மேம்படுத்தவில்லை. இலட்சக்கணக்கில் செலவழிக்க முன்னர் இவற்றை யோசிக்க வேண்டும்.

குடும்பத்தின் தலையில் மட்டும் போட முடியாது

இத்தனையும் வாசிப்பவர்கள், அப்படியானால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு கைநூலைக் கொடுத்துவிட்டால் போதும்தானே என்று கேட்கலாம். நிதித் தட்டுப்பாடு உள்ள அரசாங்கத்துக்கும் அது கவர்ச்சியான யோசனை. எமது அயல் நாடான இந்தியாவில் இது பரிசோதித்துப் பார்க்கப்பட்டது. 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, ஒரு பிரிவினரின் குடும்பத்தவருக்கு வீட்டில் பயிற்சி அளிக்கும் முறை கற்பிக்கப்பட்டது. 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாத முடிவில் இறந்தவர்கள் அல்லது பிறரில் தங்கி வாழ்ந்தவர்களின் வீதம் இரு பிரிவிலும் 47 ஆகவே இருந்தது.

இந்த முடிவைக் கண்டு குடும்பத்தின் முயற்சி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரின் இடத்தைக் குடும்பம் நிரப்ப முடியாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தத் தசையை எப்போது வேலை வாங்குவது, எங்கே நிறுத்துவது, விழாமல் எப்படிப் பிடிப்பது என்பவற்றைத் தீர்மானித்து, வாரந்தோறும் மாற்றியமைக்க ஒருவர் வேண்டும். அவர் காட்டித் தருவதை நாள் முழுவதும் பெருக்கிக் கொடுப்பதே குடும்பத்தின் பங்கு. இரண்டும் சேர வேண்டும்.

அவசரமும் கூடாது. 2015இல் வெளியான 2,104 நோயாளிகளின் ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே கட்டிலை விட்டு எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களின் நிலை, வழமையான பராமரிப்புப் பெற்றவர்களை விட மூன்று மாத முடிவில் பின்தங்கியிருந்தது. முதல் ஓரிரு நாட்களில் எவ்வளவு எழுப்புவது என்பதை வாட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

அதேபோல், ஆறு மாதம் தாண்டினால் இனி ஒன்றும் நடக்காது என்ற பேச்சையும் கைவிட வேண்டும். முதல் சில மாதங்களே மிகவும் பயன் தருபவை என்பது உண்மை. அதனால்தான் அந்த மாதங்களை எண்ணெயிலும் ஓய்விலும் கழிக்கக் கூடாது என்கின்றேன். ஆனால் லண்டனில் 224 நோயாளிகளுக்கு மூன்று வாரங்களில் 90 மணித்தியாலக் கைப்பயிற்சி அளிக்கப்பட்டபோது, நோய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பலரும் முன்னேறினார்கள். ஆறு மாதத்துக்குப் பின்னரும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவார்கள் என்று நான் வாக்குறுதி தரவில்லை. மூளையின் பாதிப்பு பெரிதாக இருந்தால் கை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். அப்போதும், தானாகக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாறுவதும் தானாகக் கழிவறைக்குப் போய் வருவதும் ஒரு மனிதரின் கண்ணியத்தைக் காப்பாற்றும். அவரைப் பராமரிக்கும் மகளின் முதுகையும் காப்பாற்றும்.

சொல்லப்படாத இரண்டு விடயங்கள்

முதலாவது, எமது பெண்கள். பிசியோதெரபி செய்பவர் ஆண் என்று தெரிந்ததும் மனைவியையோ உம்மாவையோ திருப்பி அழைத்துச் செல்லும் குடும்பங்களை நான் கண்டிருக்கின்றேன். அவர்களின் கூச்சத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் அதன் முடிவு, அந்தப் பெண் சிகிச்சையே இல்லாமல் இருப்பதாக அமையக் கூடாது. பெண் சிகிச்சையாளர் இருக்கும் நாளைக் கேட்டு வரலாம். மகளோ சகோதரியோ கூட இருக்க, சிகிச்சையாளர் சொல்லச் சொல்ல அவர்களே செய்யலாம். நீண்ட கால வழி, எமது பெண் பிள்ளைகள் இத்துறைக்கு வருவது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு வைத்திய பீடம் கிடைக்காவிட்டால் வீடே துக்க வீடாகிவிடுகின்றது. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பும், களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பும் இருக்கின்றன. பேச்சிழந்த ஒரு நோயாளிக்கு அவரது தாய்மொழியில் சிகிச்சை கிடைக்க வேண்டும். தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர் இல்லாத ஊரில் உம்மா எந்த மொழியில் பேசக் கற்பார்?

இரண்டாவது, மனச்சோர்வு. பாரிசவாதத்துக்கு உள்ளானோரில் மூன்றில் ஒருவர் அளவில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றார்கள். பயிற்சி செய்ய மறுப்பவரைச் சோம்பேறி என்றும் பிடிவாதக்காரர் என்றும், சில வேளை ஈமான் குறைந்தவர் என்றும் பேசுகின்றோம். அது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கின்றது. வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது?

2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, புனர்வாழ்வுச் சேவைகளை நாடுகளின் சுகாதாரக் கட்டமைப்பில் பலப்படுத்துமாறு கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கைக்கும் இது பொருந்தும். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டுச் சென்றுவிட்டார்கள். ஆதார வைத்தியசாலைகளிலும் பிரதேச வைத்தியசாலைகளிலும் பெரும் பகுதி மாகாண சபைகளின் கீழ் வருகின்றன. அந்தச் சபைகளின் பதவிக்காலம் 2017 முதல் 2019 வரையான காலத்தில் ஒவ்வொன்றாக முடிவடைந்த பின்னர், இந்தப் பற்றாக்குறையைச் சபையில் எழுப்பத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. ஆகவே பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். புதுக் கட்டடத்தையும் ஸ்கேன் இயந்திரத்தையும் கேட்கும் அதே மூச்சில் இவற்றையும் கேளுங்கள்: எமது ஆதார வைத்தியசாலையில் எத்தனை பிசியோதெரபி சிகிச்சையாளர் பதவிகள் வெற்றிடமாக உள்ளன? தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவராவது இருக்கின்றாரா? துண்டு வெட்டும்போது வீட்டுப் பயிற்சித் திட்டம் தமிழில் எழுதித் தரப்படுகின்றதா? வர முடியாத நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஓர் ஏற்பாடு உண்டா?

சமூகத்திடம் கேட்க வேண்டியவையும் உள்ளன. ஒரு சக்கர நாற்காலி வழங்கும் நிகழ்வுக்குப் படம் எடுக்கலாம், செய்தி போடலாம். ஒருவருக்கு மூன்று மாதங்கள் பிசியோதெரபிக்குச் செலவு கொடுத்ததைப் படம் எடுக்க முடியாது. ஆனால் இரண்டாவது செலவால் முதலாவது செலவே தேவையற்றுப் போகலாம். சக்கர நாற்காலி தேவையானவருக்கு அதைக் கொடுங்கள். கொடுக்க முன்னர், இவர் நடக்கப் பழக வாய்ப்பு உண்டா என்று ஒரு சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பைத்துஸ் ஸகாத் நிதியில் இருந்தா, ஸதகா நிதியில் இருந்தா என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஏழை நோயாளிக்கு முதல் மூன்று மாதங்களுக்கான பயிற்சிச் செலவையும் முச்சக்கர வண்டிக் கூலியையும் ஒரு மஹல்லா பொறுப்பேற்பது முடியாத காரியமல்ல. பள்ளிவாசலின் மண்டபமோ மத்ரஸாக் கட்டடமோ வாரத்தில் இரண்டு காலைகள் வெறுமையாகக் கிடக்குமானால், பெண்களுக்கு ஒரு நாள், ஆண்களுக்கு ஒரு நாள் என்று நோயாளிகளைச் சேர்த்து, ஒரு சிகிச்சையாளரின் மேற்பார்வையில் பயிற்சி நடத்தலாம். வெளிநாட்டில் இருந்து உதவும் சகோதரர்கள், உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையின் இயன்மருத்துவப் படிப்புக்கு உதவினால் அதன் பலன் ஊருக்கு முப்பது வருடங்கள் கிடைக்கும்.

குத்பாவில் உலமாக்கள் ஒரு தடவையேனும் இதைச் சொன்னால், நான் கிளினிக்கில் ஒரு வருடம் சொல்வதை விட அதிகமானோருக்குப் போய்ச் சேரும். பொறுமை என்பது கட்டிலில் கிடந்து காத்திருப்பது மட்டுமல்ல, விழுந்த கோப்பையை மீண்டும் எடுத்து முயல்வதும் பொறுமைதான் என்று அவர்கள் சொல்லலாம்.

வாசகர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த தடவை பாரிசவாதம் வந்த ஒருவரைப் பார்க்கப் போகும்போது, தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவரால் பாதுகாப்பாக உட்கார முடியுமென்றால், பலவீனமான கையால் அந்தப் பழத்தைப் பையில் இருந்து எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் உதவிக்கு ஓடி வந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகட்டும், இரண்டு தடவை கீழே விழட்டும். பிறகு அடுத்த பழத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.